மொழிபெயர்ப்பு முடிந்தும் பயனரிடம் போய்ச் சேராதது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: சில நண்பர்கள் சேர்ந்து ஓய்வு நேரத்தில் ஒரு கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்புத் தளத்தில் நூறு விழுக்காடு என்று பச்சைப் பட்டை தெரிகிறது. மாதக்கணக்காகியும் பயன்படுத்துபவர் திரையில் ஆங்கிலம்தான் வருகிறது. இதை வேகமாக வெளிக்கொண்டுவர என்ன வழி, இன்னும் ஆள் சேர்க்க வேண்டுமா?

ஆள் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் இந்தத் தாமதத்துக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் பெரிய தொடர்பில்லை. ஒரு சரத்தை, அதாவது திரையில் தெரியும் ஒரு வாசகத்தைத் தமிழாக்க அரை நிமிடம், சிக்கலானதென்றால் ஐந்து நிமிடம். மீதி முழுவதும் காத்திருப்பு. ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அது மூல நிரலோடு சேர வேண்டும், அடுத்த பதிப்பு வெளியாக வேண்டும், டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல் அதை நிறுவத்தக்க பொதியாக்க வேண்டும், கடைசியில் பயனர் தன் கணினியை மேம்படுத்த வேண்டும். உங்கள் கோப்பு இதில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரியாமல், மென்பொருளைக் கவனித்து வெளியிடும் பராமரிப்பாளருக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போடுவதில் பயனில்லை. பல நேரம் அவர் கையில் எதுவுமே இருக்காது.

காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு கணக்கு. லினக்ஸ் மேசைத்தளச் சூழலான க்னோமின் 43ஆம் பதிப்பு வந்தது 2022 செப்டம்பரில், க்னோம் 44 வந்தது 2023 மார்ச்சில். 2023 ஜூனில் டெபியன் 12 வெளியானபோது அதில் இருந்தது க்னோம் 43. ஒருவர் 44க்காக உட்கார்ந்து தமிழ்ச் சரங்களை முடித்து, அவை 2023 மார்ச்சில் ஒழுங்காக வெளியாகியும் இருந்தாலும், டெபியனின் நிலையான பதிப்பை மட்டும் பயன்படுத்தும் ஒருவருக்கு அவை கிடைத்தது 2025 ஆகஸ்டில், டெபியன் 13 வந்த பிறகு. கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு. இதில் யாரும் சோம்பேறித்தனம் காட்டவில்லை, எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். நிரல் வழுவின்றி இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த நிதானம் அது. தமிழ்ச் சொற்களுக்கு அந்த நிதானம் தேவையில்லை. ஆனாலும் நிரலோடு ஒரே பொதியில் இருப்பதால் அவையும் சேர்ந்து காத்திருக்கின்றன.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த மென்பொருளில் மொழிபெயர்ப்பை நிரலிலிருந்து பிரித்துத் தனியாக அனுப்ப முடியுமா?

முடியும் என்று பல திட்டங்கள் செய்தே காட்டியிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது, விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி செய்தது. விக்கிப்பீடியாவின் இடைமுகச் சரங்கள் டிரான்ஸ்லேட்விக்கி என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் தமிழாக்கப்படுகின்றன. அங்கிருந்து ஒரு தானியங்கி அவற்றைப் பெரும்பாலும் தினமும் மூல நிரல் இருக்கும் களஞ்சியத்தில் சேர்த்துவிடும். ஆனால் ஒரு காலத்தில் விக்கிமீடியா வழங்கிகளில் புதிய நிரல் ஏறுவது அரிதாகவும் ஒழுங்கின்றியும் நடந்தது. களஞ்சியத்தில் தமிழ் இருக்கும், தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்காது. 2009இல் லோக்கலைசேஷன்அப்டேட் என்ற நீட்சியைக் கொண்டுவந்தார்கள். நிரல் பழையதாகவே ஓடட்டும், சரங்களை மட்டும் புதிதாக எடுத்துக்கொள்வோம் என்பது அதன் வேலை.

அதில் இருக்கும் ஒரு சின்னச் சோதனையைப் பாருங்கள். மீடியாவிக்கியில் ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு திறவுச்சொல் உண்டு. அந்தத் திறவுச்சொல்லுக்குத் தளத்தில் இப்போது ஓடும் பதிப்பில் உள்ள ஆங்கில வாசகம் என்ன, அடுத்த பதிப்புக்கான மேம்பாட்டுக் கிளையில் உள்ள ஆங்கில வாசகம் என்ன என்று நீட்சி ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் புதிய தமிழ் வாசகத்தை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலம் மாறியிருந்தால் அந்தச் சரத்தைத் தொடாது. ஒரு பொத்தான் ஓடும் பதிப்பில் ‘சேமி’ என்ற பொருளில் இருந்து, அடுத்த பதிப்பில் ‘வெளியிடு’ என்று மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய தமிழ் வாசகம் பழைய பொத்தானில் போய் உட்கார்ந்துவிட்டால் பயனர் ஏமாறுவார். அது நடக்காமல் இருக்க இந்த ஒரே ஒரு ஒப்பீடு போதுமாக இருந்தது. பின்னாளில் வழங்கிகளுக்கு வாராவாரம் புதிய நிரல் ஏறும் ஒழுங்கு வந்ததும் இந்த நீட்சியின் தேவையே குறைந்துவிட்டது. நிரல் ஓட்டம் சீரானால் மொழிபெயர்ப்பும் அதோடு சேர்ந்து சீராகும் என்பது இன்னொரு வழி, ஆனால் அது தன்னார்வ மொழிபெயர்ப்பாளர் கையில் இல்லாத வழி.

உபுண்டு வேறு விதமாகச் செய்தது. பொதிகளைக் கட்டும்போதே அவற்றுள் இருக்கும் மொழிபெயர்ப்புக் கோப்புகளை உருவி எடுத்துவிட்டு, தமிழுக்கென்று தனி மொழிப்பொதியாகக் கட்டுகிறார்கள். நிரலைத் தொடாமல் மொழிப்பொதியை மட்டும் பின்னால் புதுப்பிக்கலாம், நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கும் இது நடக்கிறது. இதில் இரண்டு சிக்கல். ஒன்று, இந்த ஏற்பாடு முதன்மைத் தொகுப்பில் உள்ள பொதிகளுக்கு மட்டும்தான். சமூகத் தொகுப்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொதிகளுக்குப் பொருந்தாது. இரண்டாவது பெரியது: உபுண்டுவின் மொழிபெயர்ப்புத் தளமான லாஞ்ச்பேடில் நேராகத் தமிழாக்கினால் அது உபுண்டுவோடு நின்றுவிடும். மூலத் திட்டத்துக்குத் தானாகப் போகாது, ஃபெடோராவிலோ டெபியனிலோ வராது. சீக்கிரம் வரும் என்ற ஆசையில் அங்கே உழைத்துவிட்டு, பிறகு அதே சரங்களை மூலத்தில் வேறொருவர் வேறு சொற்களில் செய்ததைப் பார்த்து மனம் நொந்தவர்கள் தமிழ்க் குழுக்களில் உண்டு. மூலத் திட்டத்தில் செய்யுங்கள், லாஞ்ச்பேடை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்டுபிரஸ் இந்தப் பிரிப்பை எல்லாரும் பார்க்கும்படி செய்துவிட்டது. கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரலை எழுதியவர் புதிய பதிப்பு விட வேண்டியதே இல்லை. நிலையான பதிப்பின் சரங்களில் 90 விழுக்காடு ஒப்புதல் பெற்றதும் மொழிப்பொதி தானாக உருவாகி, தமிழில் அமைத்திருக்கும் தளங்களுக்கு மேம்படுத்தலாகப் போய்விடும். 2016இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து செருகுநிரல் ஆசிரியர் தன் நிரலில் மொழிக் கோப்பை ஏற்றச் சொல்லும் வரியைக்கூட எழுத வேண்டாம், தேவைப்படும்போது அதுவே ஏற்றிக்கொள்ளும். இணையவழிக் கற்றல் மென்பொருளான மூடுலிலும் இப்படித்தான், மொழிப்பொதி தனியாகக் கிடைக்கும், தளத்தின் நிர்வாகி அமைத்துவைத்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். டெபியனில் பொதி விளக்கங்களின் மொழிபெயர்ப்புகள் மட்டும் பொதிக்குள் இல்லாமல் களஞ்சியத்தில் தனிக் கோப்பாக இருக்கின்றன. அதனால் விளக்கத்தைத் தமிழாக்க எந்தப் பொதியையும் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

உங்கள் மென்பொருள் இந்த வகையில் சேராது என்றால், பெரும்பாலும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் பிஓ எனப்படும் மொழிக் கோப்புகள் நிரலோடு ஒட்டியிருக்கும் வகையாக இருக்கும். அப்போது நாள்காட்டிதான் வேலை செய்யும்.

க்னோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருகிறது. வெளியீட்டுக்குச் சில வாரம் முன் சரங்களை உறைய வைத்துவிடுவார்கள். அதன்பின் ஆங்கிலச் சரத்தை மாற்ற வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டும். அந்தச் சில வாரங்கள்தான் நமக்கு. ஆறு மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதைவிட அந்தக் காலத்தில் குழுவாக உட்கார்ந்தால் ஒரு சரத்தை இரண்டு முறை செய்யும் வேலை மிச்சம். தவறவிட்டாலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வரும் .1 பதிப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு, வெளியான பதிப்புக்குத் திருத்தங்கள் மட்டும் சேரும் நிலையான கிளையிலும் உங்கள் கோப்பு சேர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். முதன்மைக் கிளைக்கு மட்டும் அனுப்பினால் அது அடுத்த ஆறு மாதப் பதிப்புக்குத்தான் போகும். க்னோமின் மொழிபெயர்ப்புத் தளமான டேம்ட் லைஸில் இரண்டு கிளைகளும் தனித்தனியாகத் தெரியும். சரங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், ஒன்றில் முடித்ததை மற்றதோடு இணைத்து அனுப்பப் பத்து நிமிடம் போதும்.

அப்புறம் லிங்குவாஸ் என்ற கோப்பு. எந்தெந்த மொழிகளைக் கட்ட வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது, மொழிக்கு ஒரு குறியீடு, அவ்வளவுதான். தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீடு அதில் இல்லாவிட்டால் பிஓ கோப்பு நூறு விழுக்காடு முடிந்து களஞ்சியத்தில் கிடந்தாலும் பொதிக்குள் வராது. புதிதாகத் தமிழைச் சேர்க்கும் மென்பொருளில் தமிழ் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தக் கோப்பைத்தான்.

டெபியன் உறைநிலைக்குப் போகும்போது புதிய வசதிகளுக்குக் கதவு மூடப்படும், ஆனால் மொழிபெயர்ப்புத் திருத்தங்களை ஏற்பது அவர்கள் வழக்கம். எனவே வெளியீடு நெருங்கும் மாதங்களில் பொதிப் பராமரிப்பாளருக்குத் தமிழ்க் கோப்பை இணைத்து, மொழிபெயர்ப்புக்கான குறியோடு வழு அறிக்கை போடலாம். நிலையான பதிப்பு வெளியான பிறகு அது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஃபயர்பாக்ஸில் நிலைமை சுலபம். நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு. சோதனை, பீட்டா, நிலையானது என்ற எல்லா வெளியீட்டுத் தடங்களுக்கும் மொழிக் கோப்பு ஒன்றே என்பதால், அதன் மொழிபெயர்ப்புத் தளமான பொன்டூனில் ஒரு பிழையைத் திருத்தினால் மூன்று தடங்களுக்கும் அதே திருத்தம்தான். அங்கே தாமதம் என்றால் காரணம் வேறெங்கும் இல்லை, சரிபார்க்கப்படாமல் குவிந்து கிடக்கும் பரிந்துரைகள்தான்.

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழைப் பொறுத்தவரை மிக நீண்ட வரிசை இதுதான், அதுவும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் வரிசை. பல திட்டங்களில் தமிழுக்கு ஒப்புதல் தரும் உரிமை ஒருவரிடமோ இருவரிடமோ இருக்கிறது. அவர்களும் தன்னார்வலர்கள்தான். வேலை மாறுகிறார்கள், குழந்தை பிறக்கிறது, ஆர்வம் வேறு பக்கம் போகிறது. உரிமை மட்டும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. புதிதாக வந்தவர் இருநூறு சரங்கள் செய்துவிட்டு, ஒன்றுகூட ஏறாததைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் திரும்பி வருவதில்லை. வேர்டுபிரஸில் இது இன்னும் கூடுதல், ஏனென்றால் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் இரண்டு தனி மொழிப் பதிவுகள். ஒன்றில் ஒப்புதல் பெற்றது மற்றதில் தானாக ஏறாது. இருக்கும் நாலைந்து பேரும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

இதற்கு வழி, ஒப்புதல் தரச் சொல்லி ஒருங்கிணைப்பாளரை நச்சரிப்பதைவிட ஒப்புதல் உரிமையைக் கேட்டு வாங்குவது. வேர்டுபிரஸில் ஒரு குறிப்பிட்ட செருகுநிரலுக்கு மட்டும் மொழிபெயர்ப்புப் பதிப்பாசிரியர் உரிமை கேட்கலாம். செருகுநிரல் ஆசிரியரே உங்களுக்காகக் கேட்டால் இன்னும் எளிது. முழுத் தமிழுக்கும் பொறுப்பான ஒருவர் வரும்வரை நிற்க வேண்டியதில்லை. க்னோமிலும் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து நெடுங்காலம் பதிலே இல்லையென்றால் சர்வதேசக் குழுவிடம் சொல்லிப் பொறுப்பை மாற்ற முறை இருக்கிறது. அதைச் சண்டையாக்காமல், பழையவருக்கு நன்றி சொல்லி, அவரையும் சேர்த்தே எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் நிம்மதியாகத்தான் கைமாற்றிவிடுவார்கள்.

அதைவிட அடிப்படையான ஒரு முடிவு இருக்கிறது: முன்கூட்டிய ஒப்புதல் தேவையா? டிரான்ஸ்லேட்விக்கியில் தேவையில்லை. சேமித்தவுடன் அது மொழிபெயர்ப்புதான், அடுத்த ஏற்றுமதியில் போய்விடும். தவறைக் கண்டவர் திருத்துவார், விக்கியின் வழக்கப்படி. பல திட்டங்கள் பயன்படுத்தும் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்திலும் தனியான சரிபார்ப்புக் கட்டம் என்பது திட்டத்தார் வேண்டுமென்று இயக்கினால்தான் வரும். சொல்லாட்சி கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் என் கட்சி வேறு. ஆறு மாதம் ஆங்கிலமாகவே நிற்பதைவிட, சற்றுக் கரடுமுரடான தமிழ் வெளியே போய், பார்த்தவர் குறை சொல்லித் திருந்துவது நல்லது. வெளியே போகாத மொழிபெயர்ப்பை யாரும் குறைகூட சொல்வதில்லை. புதியவரின் முதல் சில நாள் வேலையை மட்டும் ஒருவர் பார்த்துவிட்டு, பிறகு அவர் போக்கில் விட்டுவிடலாம்.

ஆனால் மனிதக் கண்ணைக் குறைத்தால் இயந்திரக் கண்ணைக் கூட்ட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க முடியாது. இரண்டு இடம்பிடிப்பான்கள், அதாவது இயங்கும்போது நிரல் மதிப்பை நிரப்பும் குறிகள், உள்ள சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பக்க எண் முதலில் வரும், மொத்தப் பக்கம் பின்னால் வரும். தமிழில் ‘10இல் 3ஆம் பக்கம்’ என்று வரிசை திரும்பிவிடும். மொழிபெயர்ப்பவர் இடம்பிடிப்பான்களுக்கு முதலாவது, இரண்டாவது என்று எண் போடாமல் அப்படியே விட்டால், திரையில் ‘3இல் 10ஆம் பக்கம்’ என்று வரும். இது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்று எண்ணாகவும் மற்றது எழுத்துத் தொடராகவும் இருந்தால் சி மொழியில் எழுதிய நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். தமிழில் மட்டும் விழும், ஆங்கிலத்தில் ஓடும், நிரலாளர் தலையைப் பிய்த்துக்கொள்வார். கெட்டெக்ஸ்டோடு வரும் சரிபார்ப்புக் கருவி இந்த இரண்டாவது வகையைப் பிடித்துவிடும். இரண்டும் எண்ணாக இருக்கும் முதல் வகையைப் பிடிக்காது, அதற்குத் தமிழ் தெரிந்தவர் கண் வேண்டும். வலைச் செயலிகளில் சரத்துக்குள் எச்டிஎம்எல் போக அனுமதி இருந்தால், யாரோ ஒருவர் மொழிபெயர்ப்பு என்ற பெயரில் நிரல்துண்டை நுழைக்கவும் வழியுண்டு. அப்படிப்பட்ட சரங்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் கட்டாயச் சரிபார்ப்பு வைப்பது நியாயம்.

நிரலாளர் பக்கமும் கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டியது இருக்கிறது. கெட்டெக்ஸ்டில் ஆங்கில வாசகமே திறவுச்சொல். ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு பொத்தானில் உள்ள சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினால் போதும், எல்லா மொழிகளிலும் அந்தச் சரம் ‘ஃபஸி’ ஆகிவிடும், அதாவது மறுபடி பார்க்க வேண்டியது என்று குறிக்கப்படும். ஃபஸியான சரத்தைக் கட்டும்போது கருவி தவிர்த்துவிடும், திரையில் ஆங்கிலம் வந்துவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழுக்கு இதில் மாற்ற ஒன்றுமே இல்லை! ஆங்கிலத்தில் பொருள் மாறாத திருத்தம் செய்தால் எல்லா பிஓ கோப்புகளிலும் அந்த ஃபஸி குறியையும் அவர்களே நீக்கிவிட வேண்டும் என்று கேளுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாள் அப்படித் திருத்தவே வேண்டாம் என்றும் கேளுங்கள்.

வெப்லேட் பயன்படுத்தும் சிறிய திட்டம் என்றால் அமைப்புகளைப் பாருங்கள். அது மாற்றங்களை வழக்கமாக 24 மணி நேரம் வரை தேக்கிவைத்து ஒன்றாகக் கமிட் செய்யும் (களஞ்சியத்தில் பதியும்), இது பிரச்சினையில்லை. கமிட் ஆனது மூலக் களஞ்சியத்துக்குத் தானாகத் தள்ளப்படுகிறதா, அல்லது யாராவது வந்து இணைக்க வேண்டுமா என்பதே கேள்வி. நிரலாளர் அதே பிஓ கோப்பைத் தன் பக்கம் தொட்டிருந்தால் இரண்டும் மோதி எல்லா மொழிகளும் அங்கேயே நின்றுபோகும். மொழிக் கோப்புகளை வெப்லேட் மட்டுமே தொடும் என்று ஒரு ஒழுங்கு வைத்தால் இந்த மோதல் பெரும்பாலும் வராது.

பராமரிப்பாளரிடம் மொழிபெயர்ப்புக்காகவே ஒரு சிறு பதிப்பு விடச் சொல்வது தவறில்லை. ஆனால் ‘தமிழ் எப்போது வரும்’ என்று கேட்டால் அவருக்கு அது கூடுதல் வேலை. இப்படி எழுதுங்கள்: கடந்த பதிப்புக்குப் பின் இந்த நிலையான கிளையில் மாறியவை மொழிக் கோப்புகள் மட்டுமே, இத்தனை மொழிகள் இத்தனை விழுக்காடு உயர்ந்திருக்கின்றன, வடிவச் சரிபார்ப்பை ஓட்டிப் பார்த்தோம், பிழை இல்லை, கட்டிப் பார்த்தோம், இயங்குகிறது, சிறு பதிப்பு ஒன்று விட முடியுமா? தமிழுக்கு மட்டும் கேட்பதைவிட, அதே நிலையில் இருக்கும் வேறு இரண்டு மொழிக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் பதில் சீக்கிரம் வரும். வெளியீட்டு வேலை முழுவதும் தானியங்கியாக இருக்கும் திட்டங்களில் இது அவருக்கு ஒரு குறிச்சொல் போடும் வேலைதான்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பிஓ கோப்பைக் கணினி நேராகப் படிக்கும் எம்ஓ கோப்பாக மாற்றி, கணினியின் மொழிக் கோப்புகள் இருக்கும் அடைவில் தமிழுக்கான உள்ளடைவில் போட்டால் அப்போதே தமிழ் தெரியும். பொதி மேம்படும்போது அது அழிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒரு பள்ளி ஆய்வகத்துக்கோ நூலகத்துக்கோ இது போதும், அங்கிருந்து வரும் குறைகளைப் பதிப்பு வெளியாகும் முன்பே திருத்திவிடலாம்.

வழங்கலின் பதிப்புக்காகக் காத்திருக்க விருப்பமில்லாதவர்களுக்கு, எந்த லினக்ஸ் வழங்கலிலும் செயலிகளைத் தனியாக நிறுவ உதவும் ஃப்ளாட்பேக் நல்ல குறுக்குவழி, மூலத் திட்டம் வெளியிட்டதும் சில நாளில் கிடைத்துவிடும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃப்ளாட்பேக் மொழிக் கோப்புகளைத் தனி நீட்சியாகப் பிரித்து, கணினியில் அமைத்திருக்கும் மொழிகளை மட்டுமே இறக்கும். நம்மவர்களில் பலர் கணினியை ஆங்கிலத்தில் நிறுவிவிட்டு, ஒரு செயலியை மட்டும் தமிழில் திறந்து பார்ப்பார்கள், ‘இன்னும் வரவில்லையே’ என்பார்கள். தமிழ் வந்திருக்கும், அவர்கள் கணினிக்கு இறங்கியிருக்காது. ஃப்ளாட்பேக்கின் மொழி அமைப்பில் ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்த்துவிட்டு ஒருமுறை மேம்படுத்தச் சொல்லுங்கள்.